மாறும் பருவத்தில் வீட்டுக் கொல்லைத் தோட்டம்

நெல்லும் கரும்பும் வாழையும் பயிரிட்டுப் பல ஏக்கர் நிலத்துக்கு உடையவராயிருக்கும் குடியானவர் பலர், தம் வீட்டுச் சமையலுக்கு வேண்டிய கத்தரிக்காயையும் கீரையையும் சந்தையில் விலைகொடுத்து வாங்கிவருகின்றனர். வீட்டின் பின்புறமோ புல் முளைத்துக் குப்பை சேர்ந்து கிடக்கிறது. களஞ்சியத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. அடுக்களையில் காய்க்குத்தான் பஞ்சம். மழை பொய்த்த வருஷத்திலும், மிஞ்சிப் பெய்த வருஷத்திலும் காய்கறி விலை ஏறுவது யாவரும் அறிந்ததே. 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றது பலருக்கும் நினைவிருக்கும். விலை ஏறிய காலத்தில் முதலில் குறைவது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரிய பங்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கொல்லைத் தோட்டம் புதிய விஷயமன்று. ஆயினும் முன்னோர் செய்தபடியே இன்றும் செய்தால் அதே பலன் கிடைக்கும் என்று நம்பியிருப்பதற்கில்லை. மழையின் போக்கும் வெயிலின் கடுமையும் மாறியிருப்பதால், தோட்டத்தின் அமைப்பையும் விதைக்கும் முறையையும் அதற்கேற்பச் சீர்செய்துகொள்ளவேண்டும். அதற்கான வழிகள் கீழே முறைப்படி விவரிக்கப்படுகின்றன.

பருவம் மாறிய விதம்

தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் சராசரியாகப் பெய்யும் மழை ஏறக்குறைய 920 மில்லிமீட்டர். இதில் கிட்டத்தட்ட பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. இந்தச் சராசரி பெரிதும் மாறிவிடவில்லை. மழை பங்கிடப்படும் விதமே மாறிவருகிறது. முன்பு பல நாட்களில் பெய்தது இப்போது சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. இடையே நீண்ட வறட்சி நேருகிறது. 2015-ஆம் வருஷம் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின. மறு வருஷமாகிய 2016-இல் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து, 2017 ஜனவரியில் ராஜ்யத்தின் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2018 நவம்பர் 16-இல் கஜாப் புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது; அந்த ஜில்லாவில் வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையிலும் இது அதிகம்.

இதற்குக் காரணம் யாதெனில், உலகின் சராசரி வெப்பம் சென்ற நூற்றைம்பது வருஷங்களில் ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துள்ளது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது மழை கனத்துப் பெய்கிறது. பெய்யாத நாட்களில் அதே காற்று மண்ணின் ஈரத்தை விரைவாக உறிஞ்சுகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பதைத் தோட்டம் போடுவோர் மனத்திற் கொள்ளவேண்டும். ஆகவே ஒரே தோட்டம், ஒரே வருஷத்தில், மிகுந்த நீரை வடிக்கவும் குறைந்த நீரைக் காக்கவும் தக்கதாக அமையவேண்டும்.

எவ்வளவு நிலம், எவ்வளவு நீர்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளின்படி, வயது வந்த ஒருவர் நாளொன்றுக்குக் கீரையும் காயும் கிழங்கும் சேர்ந்து 400 கிராம் அளவில் உண்ணவேண்டும். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 2 கிலோ. இதைப் பெரும்பகுதி பெறுவதற்கு ஐந்து சென்ட் நிலம், அதாவது ஏறக்குறைய 200 சதுர மீட்டர், போதுமானது. அவ்வளவு இடமில்லாதவர் ஒரு சென்டிலும் தொடங்கலாம்.

ஐந்து சென்டில் நடைவழி, வேலி, மரங்கள், எருக்குழி ஆகியவற்றை நீக்கினால் பாத்திகளுக்கு 120 சதுர மீட்டர் நிற்கும். கடும் கோடையில் காய்கறிப் பயிர் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் நீர் குடிக்கும். 120 சதுர மீட்டருக்கு 600 லிட்டர் தேவை. கிணறு வற்றும் சித்திரை மாதத்தில் இவ்வளவு நீரைத் தினந்தோறும் இறைப்பது அநேக வீடுகளில் இயலாத காரியம். இறைக்க இயன்றாலும், குடிநீருக்கு உரியதைக் கத்தரிச் செடிக்கு ஊற்றுவது நியாயமன்று.

ஐந்து பேர் குளித்தும் பாத்திரம் கழுவியும் விடும் நீரில் நாளொன்றுக்கு 150 லிட்டர் அளவு தோட்டத்துக்குத் திருப்பலாம். இந்த 150 லிட்டர் 30 சதுர மீட்டருக்குப் போதும். சருகு மூடாக்கும் சிறு நிழலும் அமைத்தால் அதே நீர் 40 சதுர மீட்டரை, அதாவது ஒரு சென்ட் நிலத்தை, உயிரோடு காக்கும்.

ஆகவே இக்காலத்துக் கொல்லைத் தோட்டத்தின் முதல் விதி இது: மழைக்காலத்தில் ஐந்து சென்ட், கோடையில் ஒரு சென்ட். பலர் தோட்டம் போட்டு இரண்டாம் வருஷம் கைவிடுவதற்குக் காரணம், கோடையிலும் ஐந்து சென்டையும் காக்க முயன்று, நீரும் உழைப்பும் தீர்ந்து, எல்லாவற்றையும் ஒருசேர இழப்பதே. பங்குனியில் தோட்டத்தைச் சுருக்குவது தோல்வியன்று; அது திட்டத்தின் பகுதியே ஆகும்.

கழிவுநீரும் கூரைநீரும்

அடுக்களை நீரை நேரே செடியடியில் விடலாகாது. முற்றத்தின் ஓரத்தில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, அடியில் கருங்கல் ஜல்லியும் அதன்மேல் சிறு கல்லும் மேலே மணலும் இட்டு, அதன்வழி நீரை வடியவிடவேண்டும். வடிந்து வரும் வாய்க்காலில் கல்வாழையும் சேம்பும் நட்டால் அவை அழுக்கை உண்டு வளரும். வாய்க்கால் முடியுமிடத்தில் வாழை வைக்கலாம். மேல்மணலை மாதம் ஒருமுறை கிளறி, எண்ணெய்ப் பசை படிந்ததை மாற்றவேண்டும்.

சலவைத் தூள் கரைந்த நீரில் சோடிய உப்புக்கள் மிகுதி. அதை நாள்தோறும் பாய்ச்சினால் மண் இறுகி நீர் இறங்காமற் போகும். ஆகையால் துணி துவைத்த முதல் நீரை ஒதுக்கி, அலசிய நீரை மட்டும், அதுவும் மர வகைகளுக்கே விடவேண்டும். பச்சையாக உண்ணும் முள்ளங்கி, கொத்தமல்லி ஆகியவற்றுக்குக் கழிவுநீர் எதையும் பாய்ச்சலாகாது.

கூரைநீரைக் குறித்தும் கணக்கிட்டுச் செய்தல் நன்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டருக்குச் சமம். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறியது போக 800 லிட்டர் கிடைக்கும். வருஷம் முழுவதும் சேர்ந்தால் ஏறக்குறைய 36,000 லிட்டர். இதனை எல்லாம் தொட்டியில் தேக்க முடியாது. 5,000 லிட்டர்த் தொட்டி நிறைந்திருந்தாலும் நாளொன்றுக்கு 150 லிட்டர் வீதம் எடுத்தால் 33 நாட்களில் தீர்ந்துபோகும். எனவே சிறு தொட்டி ஒன்றை நாற்றங்காலுக்கும் குடிநீருக்கும் வைத்துக்கொண்டு, எஞ்சிய நீரைக் கிணற்றருகே குழி எடுத்து நிலத்துக்குள் இறக்குவதே சிறந்தது. தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்திலேயே கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழிகள் பல வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன. புரட்டாசி மாதத்தில் அவற்றைத் தூர்வாருவது செலவில்லாத வேலை.

மண்ணும் எருவும்

நீரைச் சேமிக்கும் மிக மலிவான தொட்டி மக்கிய எருவூட்டப்பட்ட மண்ணே. மக்குச் சத்து மிகுந்த மண், பெருமழையில் நீரை விரைவாக உள்ளே இழுக்கும். வறட்சியில் அதை மெதுவாக விட்டுக்கொடுக்கும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒருசேர உதவும் மருந்து இதுவொன்றே.

எருக்குழி ஆறடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி ஆழம் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். அடியில் காய்ந்த சருகும் வைக்கோலும் அரையடி, அதன்மேல் பச்சைத் தழையும் காய்கறிக் கழிவும் அரையடி, அதன்மேல் சாணக் கரைசலும் சிறிது சாம்பலும் மண்ணும் என்று அடுக்கிக்கொண்டே போகவேண்டும். பிழிந்த துணிபோல் ஈரம் இருத்தல் வேண்டும், சொட்டுதல் கூடாது. 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் எரு தயாராகும். ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற விவசாய நிபுணர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்த முறையின் சாரம் இதுவே. மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கிச் சத்து வீணாகுமாதலால், அப்போது குழியைவிட மேட்டில் குவியலாக இட்டு, மேலே தென்னங்கீற்று வேய்வது மேல்.

மூடாக்கு என்பது செடிகளின் அடியில் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை ஓலைத் துண்டு முதலியவற்றை மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புதல். இதனால் வெயில் மண்ணைத் தொடுவதில்லை, ஈரம் காக்கப்படுகிறது, களையும் அடங்குகிறது. ஆனால் அடைமழைக் காலத்தில் கனத்த மூடாக்கு தண்டை அழுகச் செய்யும். ஆகையால் மழை ஓயும் மார்கழிக் கடைசியில் மூடாக்கு இட்டு, ஐப்பசிக்கு முன் அதை எருக்குழிக்கு மாற்றிவிடவேண்டும். கொல்லைச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் அறவே ஒழியவேண்டியது.

பாத்தியின் அமைப்பு

இருவகைப் பாத்திகள் தேவை. ஆவணி, புரட்டாசியில் அமைப்பது மேட்டுப்பாத்தி. நான்கடி அகலத்தில், ஒரு அடி உயரத்தில் மண்ணை அணைத்து, இடையே ஒரு அடி அகலமுள்ள வடிகால் விடவேண்டும். வடிகால்கள் யாவும் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குச் சென்று, அங்கே நீர் இறங்கும் குழியில் முடியவேண்டும். தை, மாசியில் மழை நின்றபின் அமைப்பது பள்ளப்பாத்தி. தரைமட்டத்துக்கு அரையடி தாழ்த்திச் சுற்றிலும் கரை கட்டினால், ஊற்றும் ஒவ்வொரு குடமும் வேரடியிலேயே நிற்கும். வரும் கோடைமழையும் வீணாகாது.

மரங்களை வைக்கும் இடமும் முக்கியம். பிற்பகல் வெயில் மிகவும் கொடியதாகையால், மேற்கு ஓரத்தில் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை ஆகியவற்றை வைத்தால் நான்கு மணி நேர நிழல் பாத்திகளுக்குக் கிடைக்கும். பனிக்காலத்தில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால், தெற்கே உயர்ந்த மரம் வைத்தால் தை மாதத்துப் பயிருக்கு வெளிச்சம் குறையும். பந்தலை வடக்கு ஓரத்தில் அமைக்கவேண்டும். பப்பாளியின் வேர் இரண்டு நாள் நீரில் நின்றாலும் அழுகும். ஆதலால் அதைத் தோட்டத்தின் மேடான இடத்தில் வைக்கவேண்டும். வாழையும் சேம்பும் தாழ்ந்த இடத்துக்கு உரியவை.

பட்டம்: நாளைப் பார்ப்பதா, ஈரத்தைப் பார்ப்பதா

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. இப்போதோ ஆடியில் சில வருஷம் மழை வருவதில்லை. வந்தாலும் ஒரு மழையோடு நின்று, முளைத்த பயிர் கருகுகிறது. இதனால் பழமொழி பொய்த்துவிட்டதென்று சிலரும், என்ன நேர்ந்தாலும் நாளை மாற்றலாகாதென்று சிலரும் வாதிடுகின்றனர். இரண்டும் முழு உண்மையன்று. பயிரின் இயல்பை அறிந்தால் குழப்பம் தீரும்.

பயிர்களில் ஒருவகை, பகலின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூப்பவை. பந்தலில் ஏறும் நாட்டவரை, மொச்சை, சிறகவரை ஆகியவை இவ்வகையின. பகல் குறுகும் கார்த்திகை, மார்கழியில்தான் இவை பூக்கும். ஆடியில் விதைத்தால் அதற்குள் கொடி வளர்ந்து பந்தலை மூடியிருக்கும். தையில் விதைத்தாலோ இலையும் கொடியுமாய் வளருமேயன்றிக் காய்க்காது. பருவம் எவ்வாறு மாறினும் சூரியனின் போக்கு மாறவில்லை; ஆகையால் இவற்றுக்கு ஆடிப் பட்டம் இன்றும் உறுதியானது. மழை வராவிட்டால் குழிக்கு ஒரு குடம் நீர் ஊற்றியேனும் ஆடியில் விதைத்துவிடவேண்டும். ஒரு வீட்டுக்கு நான்கு குழியே போதுமாதலால் இது சிரமமன்று.

இன்னொரு வகை, பகலின் நீளத்தைப் பாராமல் ஈரத்தையும் வெப்பத்தையும் பார்ப்பவை. வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, தண்டுக்கீரை, செடியவரை ஆகியவை இவ்வகை. இவற்றை நாள் பார்த்து விதைக்காமல் மண்ணைப் பார்த்து விதைக்கவேண்டும். கைச்சாண் ஆழம் தோண்டி, அடிமண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்குமானால் விதைக்கலாம். மேல்மண் மட்டும் நனைந்திருந்தால் காத்திருக்கவேண்டும்.

தக்காளி தனி வகை. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்போய், இரவிலும் புழுக்கம் தணியாதிருந்தால் அதன் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். உரம் இட்டும் மருந்து தெளித்தும் இதை மாற்ற இயலாது. ஆகவே பூக்கும் காலம் மார்கழி, தையில் அமையுமாறு, புரட்டாசி இறுதியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, 25 நாள் நாற்றைக் கார்த்திகையில் மழை இடைவெளி பார்த்து மேட்டுப்பாத்தியில் நடவேண்டும். தை, மாசியில் மிகுதியாகக் காய்க்கும்போது வற்றலாகவும் ஊறுகாயாகவும் சேமித்துக்கொண்டால், விலை ஏறும் ஆனி, ஆடிக்கு உதவும்.

வருஷ முழுவதற்கும் வேலைத் திட்டம்

ஆடி, ஆவணி: பந்தல் அவரை, மொச்சை விதைத்தல். கத்தரி, மிளகாய் நாற்றுவிடுதல். ஈரம் கண்டால் வெண்டை ஒன்றரை அடி வரிசையில் ஒரு அடி இடைவெளியிலும், கொத்தவரை அதே வரிசையில் அரையடி இடைவெளியிலும் ஊன்றுதல்.

புரட்டாசி: முருங்கையை நான்கடி உயரத்தில் வெட்டுதல், அகத்தியைத் தாழ்த்துதல். மேட்டுப்பாத்தியும் வடிகாலும் முடித்தல். 35 நாளான கத்தரி நாற்றை இரண்டடிக்கு இரண்டடி நடுதல்.

ஐப்பசி, கார்த்திகை: வடிகாலைத் தினமும் பார்த்தல். சிறுகீரை, முளைக்கீரை ஆகியவற்றைக் கீற்றுக் கூரையின்கீழ் சிறு பாத்தியில் விதைத்தல். தக்காளி நடுதல்.

மார்கழி, தை: கொத்தமல்லி, முள்ளங்கி, சின்ன வெங்காயம் போடுதல். மழை ஓய்ந்ததும் மூடாக்கு இடுதல். தையில் பள்ளக் குழிகளில் சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி ஊன்றுதல்.

மாசி: வெண்டையும் காராமணியும் இரண்டாம் முறை. சேனை நடுவதற்குக் குழி எடுத்து எருவிட்டு ஆறவிடுதல்.

பங்குனி முதல் வைகாசி வரை: தோட்டத்தை ஒரு சென்டாகச் சுருக்குதல். தண்டுக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றைக் கீற்று நிழலில் காத்தல். எஞ்சிய நான்கு சென்டையும் சருகால் மூடி ஆறவிடுதல். கோடைமழை ஒன்று நல்லபடி பெய்தால் அதில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குமுன் மடக்கிவிடுதல்.

கீரையை ஒரே நாளில் முழுப் பாத்தியிலும் விதைக்காமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கால்பங்கு வீதம் விதைத்தால் எப்போதும் கைக்குக் கீரை இருக்கும். ஒரு விதைப்பு வெள்ளத்தில் போனாலும் மறு விதைப்பு நிற்கும்.

கோடையிலும் மழையிலும் கைவிடாத நிலையான செடிகள் சில ஒவ்வொரு கொல்லையிலும் இருத்தல் வேண்டும். அவை முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை, தவசிக்கீரை, அகத்தி, எலுமிச்சை ஆகியவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதையிட்ட ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வெட்டினாலும் மீண்டும் தழைக்கும். புயலில் முறிந்தாலும் தழைப்பதாகையால், மாறும் பருவத்துக்கு இதனினும் ஏற்ற மரம் அரிது.

பூச்சியும் நோயும்

வெப்பமும் வறட்சியும் மிகும்போது வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவை பெருகும். வெண்டையில் இலை மஞ்சளாகும் நரம்புத் தேமல் வெள்ளை ஈயால் பரவுவது. நோய் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கிப் புதைக்கவேண்டும். கத்தரியில் நுனி வாடினால் தண்டுக்குள் புழு இருக்கிறதென்று அறிந்து, வாடிய நுனியை வாரம் ஒருமுறை கிள்ளி அழிக்கவேண்டும். பாகல், பீர்க்கில் பழ ஈ விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைப்பதோடு, நல்ல பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடலாம்.

தெளிப்பதற்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும். லிட்டருக்கு 50 கிராம் பருப்புத்தூள் வீதம் துணியில் கட்டி, நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படுமாறு தெளிக்கவேண்டும். வயலுக்கு வாங்கிய கடும் விஷ மருந்தில் மிஞ்சியதைக் கொல்லையில் தெளிப்பது பெருந்தவறு. இன்று பறித்து இன்றே உண்ணும் காயில் விஷம் தணிய நாளில்லை. மேலும் விஷம், தீமை செய்யும் பூச்சியோடு அதைத் தின்னும் நன்மைப் பூச்சியையும் கொல்லும். 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றை நாசமாக்கியது. மருந்துகளால் அடங்காத அப்பூச்சி, 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பரப்பிய சிறு ஒட்டுண்ணிக் குளவிகளால் அடங்கியது. உழவனுக்கு ஊதியமின்றி உழைக்கும் இத்தகைய பூச்சிகளைக் காப்பது கொல்லையிலும் கடமை.

புயல், வெள்ளம், உவர்

புயல் அறிவிப்பு வந்தவுடன் முற்றிய காய்களைப் பறித்துவிடவேண்டும். வாழைக்கு இருபுறமும் முட்டுக் கொடுக்கவேண்டும். பந்தல் ஆள் உயரத்துக்கு மேற்படாமல், கயிற்றால் கட்டியதாய் இருந்தால், காற்று மிஞ்சும்போது கட்டை அவிழ்த்துக் கொடியைத் தரையில் படுக்கவைக்கலாம். வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை வடிகாலைத் திறத்தல். இரண்டாவது, இலைமேற் படிந்த சேற்றை நல்ல நீரால் கழுவுதல். மூன்றாவது, மண் சற்று உலர்ந்தபின் மேலாகக் கொத்திக் காற்று புகச் செய்தல். சாக்கடை நீர் கலந்த வெள்ளத்தில் நின்ற கீரையை உண்ணலாகாது. பிடுங்கி எருவாக்கிப் புதிதாய் விதைக்கவேண்டும். முளைக்கீரை 25 நாளில் கைக்கு வரும். சேனை, சேம்பு ஆகியவற்றின் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் காற்றுக்குத் தப்பும்.

கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் வருஷத்துக்கு வருஷம் உவர்ப்பாகிவருகிறது. அங்கு முதலில் நீரையும் மண்ணையும் பரிசோதிக்கவேண்டும். பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி ஆகியவை உவரைத் தாங்கா. கொத்தவரை நன்கு தாங்கும். காராமணி ஓரளவு தாங்கும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஏறிய நாகப்பட்டினப் பகுதி நிலங்களில், கரை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடித்தும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கியும் நிலத்தைத் திருத்தினர். கொல்லை உவருக்கும் இம்முறையே ஏற்றது. மழைநீரே உவருக்கு மருந்து என்பதால், கடலோரத்தில் கூரைநீரைச் சேமிப்பது இரட்டிப்புப் பலன் தரும்.

விதையைக் காத்தல்

பருவம் தவறும் காலத்தில் ஒருமுறை விதைத்தது போய் மறுமுறை விதைக்க நேரிடும். கையில் விதை இருப்பவனே மறுமுறை விதைக்க முடியும். கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப்போல் வருவதில்லை. எனவே நாட்டு ரகங்களையும் தேர்ந்த ரகங்களையுமே விதைக்கு வைத்தல் வேண்டும். கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டும், வெண்டையைக் காய்ந்து வெடிக்கும் தறுவாயிலும், சுரையைக் குடுக்கையாக உலர்த்தியும் விதை எடுக்கவேண்டும். சுரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றில் பூச்சிகள் மகரந்தத்தைக் கலப்பதால், ஒவ்வொன்றிலும் ஒரே ரகம் வைத்தாலன்றி விதை தூய்மையாயிராது. நன்கு உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, பெயரும் வருஷமும் எழுதி, தரையிலன்றிப் பரண்மேல் வைக்கவேண்டும்.

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் விதைப் புட்டியும் சேர்ந்தே போகும். ஆகையால் ஒவ்வொரு விதையிலும் பாதியை மேட்டூரிலோ வேறு கிராமத்திலோ உள்ள உறவினரிடம் கொடுத்துவைப்பது நல்லது. அவர்கள் விதையில் பாதியைத் தாமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெண் கொடுத்து பெண் எடுக்கும் உறவில் விதையும் கொடுத்து வாங்கிவந்தால் இரு குடும்பத்துக்கும் காப்பாகும்.

நிலவுடைமையாளரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

இம்முறைகள் ஒரு வீட்டோடு நில்லாமல் ஊர் முழுவதும் பரவினால்தான் முழுப் பலன் உண்டு. ஒருவர் வடிகால் மற்றவர் கொல்லையில் முடியுமானால் சண்டையே மிஞ்சும். தெருவின் பொது வடிகாலைப் புரட்டாசிக்குள் தூர்வாரும் பொறுப்பை ஊராட்சியார் ஏற்கவேண்டும். ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் காலத்தைக் கிராம நிர்வாக அதிகாரி முன்கூட்டியே ஊராருக்கு அறிவித்தால், பெரிய நிலக்காரரோடு சிறு கொல்லைக்காரரும் ஒரு வண்டி வண்டல் பெறுவர். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் தோட்டம் போட இடமும் வேலியும் கொடுத்தால், பிள்ளைகள் உண்பதோடு கற்றும் கொள்வர்.

நிலமில்லாத குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. காய்கறி விலை ஏறும்போது அதிகம் துன்புறுவோர் அவர்களே. வரப்போரத்தில் முருங்கை வைக்கவும், கிணற்று மேட்டில் நான்கு பாத்தி போடவும் அவர்களுக்கு இடம் விடுவதால் நிலவுடைமையாளருக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. விதை கொடுப்பதும் அவ்வாறே.

மேலும் ஒவ்வொரு ஊரிலும் மழையை அளந்து எழுதிவைக்கும் பழக்கம் ஏற்படவேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் மேடையிட்டு வைத்து, காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரின் ஆழத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, நோட்டுப்புத்தகத்தில் தேதியோடு குறித்தால் போதும். அதே பக்கத்தில் விதைத்த நாள், முளைத்த நாள், முதற்காய் பறித்த நாள், பூச்சி கண்ட நாள் ஆகியவற்றையும் குறிக்கவேண்டும். ஐந்து வருஷக் குறிப்பு சேர்ந்தால், தம் ஊரில் எந்த வாரத்தில் விதைப்பது தக்கது என்பதைப் பழமொழியையும் கேளாமல், பிறர் யோசனையையும் எதிர்பாராமல், குடியானவர் தாமே தீர்மானிக்க முடியும்.

முடிவாகக் கூறுமிடத்து, மழையும் வெயிலும் எவர் கையிலும் இல்லை. கழிவுநீரின் வழியும், சருகின் இடமும், பாத்தியின் உயரமும், விதையின் காப்பும் வீட்டாரின் கையிலேயே உள்ளன. இவ்வாண்டு ஒரு சென்டில் தொடங்கி, நீர்க் கணக்கு நன்கு பழகியபின் மெல்லப் பெருக்கிக்கொள்வதே நிலைத்த தோட்டத்துக்கு வழி. குடியானவர்கள் வரும் ஆடிக்குள் எருக்குழியொன்றை அமைத்து, நான்கு குழி அவரைக்கேனும் இடம் ஒதுக்கி, இம்முறைகளைத் தம் கொல்லையில் செய்து பார்த்துப் பயனடைவார்களாக.